வளையங்களை இனங்காணும் தேற்றங்கள்



இன்றைய பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டது நுண்ணியற்கணிதத்தில் வளையங்களின் வகைகளை இனங்காண்பது பற்றி. முதுகலை முதலாண்டிலேயே இங்கே பலர் படித்த பகுதிதான். கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றும் தடையில்லாமல் நடக்கும், வகுத்தலுக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாது. அப்படிப்பட்ட அமைப்பை வளையம் என்கிறோம். முழு எண்கள் வளையம். பல்லுறுப்புக் கோவைகள் வளையம். சதுர அணிகளும் வளையம். ஆனால் அங்கே பெருக்கும் வரிசையை மாற்றினால் விடையே மாறிவிடும்.

இவ்வளவு வேறுபட்டவற்றை ஒரே பெயரில் அடக்கிவிட்டதால் உள்ளுக்குள் வகை பிரித்தே ஆக வேண்டும். யூக்ளிடிய வளையம், நோதரிய வளையம், டெடெகிண்ட் வளையம் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை. வரையறையை அடுத்துப் பெரும்பாலும் ஒரு தேற்றம் வரும்: ஒரு வளையம் இவ்வகையைச் சேர்ந்திருப்பதற்குத் தேவையானதும் போதுமானதுமான நிபந்தனை இன்னது. இதைத்தான் இனங்காணும் தேற்றம் என்கிறேன். வரையறை கையில் இருக்கும்போது இன்னொரு நிபந்தனை எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. என் பதில் இதுதான்: வரையறையை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய முடியாத ஒரு வேலையை அந்தத் தேற்றம் முடித்துத் தர வேண்டும். முடித்துத் தந்தால் அது நல்ல தேற்றம். இல்லையென்றால், எத்தனை நிபந்தனைகளை ஒன்றுக்கொன்று சமம் என்று அடுக்கினாலும், அது வரையறையை வேறு சொற்களில் எழுதியதாகவே நின்றுவிடும். ஆய்விதழ்களில் இரண்டாம் வகைக் கட்டுரைகள் நிறைய வருகின்றன என்பது என் கருத்து. முதல் வகையில் சிலவற்றை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

யூக்ளிடிய வளையத்தில் தொடங்கலாம். பூச்சியமல்லாத ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அளவை, அதாவது ஓர் இயல் எண்ணைக் கொடுக்க முடிய வேண்டும். எந்த உறுப்பை எந்த உறுப்பால் வகுத்தாலும் மீதி பூச்சியமாக வர வேண்டும், அல்லது வகுஎண்ணின் அளவையைவிடக் குறைந்த அளவையோடு வர வேண்டும். அத்தகைய ஓர் அளவை உண்டு என்பதே வரையறை. ஒரு வளையம் யூக்ளிடியது என்று காட்டுவது எளிது, அளவையைச் சொல்லிவிட்டால் போதும். இல்லை என்று எப்படிக் காட்டுவது? ஓர் அளவை பலிக்கவில்லை என்று காட்டிப் பயனில்லை. மனிதர் யாரும் இன்னும் நினைத்துப் பார்க்காத அளவைகளையும் சேர்த்து மறுக்க வேண்டும். வரையறை நம்மை அங்கே கைவிட்டுவிடுகிறது.

1949இல் தியோடோர் மோட்ஸ்கின் அளவை என்ற பேச்சே இல்லாத ஒரு நிபந்தனையைக் கொடுத்தார். வளையத்தின் உறுப்புகளை அடுக்கடுக்காக எடுக்க வேண்டும். எதை வகுத்தாலும் மீதி விடாத உறுப்புகள், அதாவது 1, −1 போன்ற தலைகீழ் உடையவை, முதல் அடுக்கு. எதை வகுத்தாலும் மீதியைப் பூச்சியமாகவோ முதல் அடுக்கில் உள்ளதாகவோ தேர்ந்துகொள்ள முடிகிறவை இரண்டாம் அடுக்கு. மீதி முதலிரண்டு அடுக்குகளுக்குள் அடங்கினால் மூன்றாம் அடுக்கு. இப்படியே மேலே போகலாம். பூச்சியம் தவிர எல்லா உறுப்புகளும் ஏதாவது ஓர் அடுக்கில் வந்து சேர்ந்தால், சேர்ந்தால் மட்டுமே, அந்த வளையம் யூக்ளிடியது.

இதன் வலிமையை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். (1+√−19)/2 என்ற எண்ணை ஔ என்று குறிக்கிறேன். அ, இ முழு எண்களாக, அ + இ·ஔ என்ற வடிவில் உள்ள எண்கள் ஒரு வளையம். இதில் ஒவ்வோர் உறுப்புக்கும் அ² + அ·இ + 5இ² என்ற நார்ம் உண்டு. ஓர் உறுப்பால் வகுத்தால் எத்தனை வெவ்வேறு மீதிகள் வரக்கூடும் என்பதை அந்த நார்ம் சொல்லிவிடும். முதல் அடுக்கில் 1, −1 இரண்டே உறுப்புகள். இரண்டாம் அடுக்கில் ஓர் உறுப்பு வர வேண்டுமென்றால் மீதிகள் 0, 1, −1 என்ற மூன்றுக்குள் அடங்க வேண்டும். ஆகவே அதன் நார்ம் 2 அல்லது 3. நார்மை நான்கால் பெருக்கினால் (2அ+இ)² + 19இ². இது 8 ஆகவோ 12 ஆகவோ வர இ பூச்சியமாக வேண்டும். அப்போது 4அ² மிஞ்சும். 8, 12 இரண்டும் அந்த வடிவில் இல்லை. எனவே இரண்டாம் அடுக்கு காலி. இரண்டாவது காலியானால் மேலே உள்ள எல்லாமே காலி. கற்பனைக்கு எட்டும், எட்டாத எல்லா அளவைகளும் ஒரே அடியில் போய்விட்டன. அதே வளையத்தில் ஒவ்வொரு ஐடியலும் ஒரே உறுப்பால் பிறக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், யூக்ளிடிய வளையங்களின் வகை, ஐடியல் ஒவ்வொன்றும் ஒரே உறுப்பால் பிறக்கும் வளையங்களின் வகையைவிட உண்மையிலேயே சிறியது என்று புரியும்.

தலைகீழ் உடைய உறுப்புகள் முடிவிலியாக இருந்தால் நிலைமை தலைகீழாக மாறக்கூடும். பொதுமைப்படுத்தப்பட்ட ரீமான் கருதுகோள் உண்மையென்றால், அத்தகைய இயற்கணித முழு எண் வளையங்களில் இந்த இரு வகைகளும் ஒன்றே என்று 1973இல் பீட்டர் வைன்பெர்கர் நிரூபித்தார். அ + இ√14 என்ற எண்களின் வளையத்தில் நார்ம் அளவையாகப் பயன்படாது. ஆனாலும் அது யூக்ளிடியதே என்று 2004இல் மால்கம் ஹார்ப்பர் எந்தக் கருதுகோளையும் நம்பாமல் நிறுவினார்.

அடுத்ததைச் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். ஒவ்வொரு ஐடியலும் முடிவுறு எண்ணிக்கையிலான உறுப்புகளால் பிறந்தால் வளையம் நோதரியது. பரிமாற்று வளையங்களில் எல்லா ஐடியல்களையும் சோதிக்க வேண்டாம், பகா ஐடியல்களைச் சோதித்தால் போதும் என்று 1950இல் ஐ. எஸ். கோஹன் காட்டினார். ஒற்றைக் காரணிப்பாட்டுக்கு இர்விங் கப்லான்ஸ்கி கொடுத்த நிபந்தனையும் இதே சாயல் கொண்டது: பூச்சியமல்லாத ஒவ்வொரு பகா ஐடியலுக்குள்ளும் ஒரு பகா உறுப்பு இருக்க வேண்டும். ஐடியல் ஒவ்வொன்றும் ஒரே உறுப்பால் பிறக்கும் வளையத்தில் காரணிப்பாடு ஒற்றையானது என்பதை வகுப்பில் ஒன்றரைப் பக்கம் எழுதி நிரூபிக்கிறோம். கப்லான்ஸ்கியின் நிபந்தனை தெரிந்தால் ஒரு வரி போதும். பகா ஐடியலைப் பிறப்பிக்கும் அந்த ஒற்றை உறுப்பே பகா உறுப்பு.

இப்போது என் அளவுகோலுக்கு முற்றாகப் பொருந்தும் தேற்றத்துக்கு வருகிறேன். ஒரே ஓர் உச்ச ஐடியல் உடைய நோதரியப் பரிமாற்று வளையத்தை ஒரு புள்ளியின் அருகாமை என்று நினைத்துக்கொள்ளலாம். அந்த உச்ச ஐடியலைப் பிறப்பிக்கக் குறைந்தது எத்தனை உறுப்புகள் வேண்டும் என்ற எண்ணிக்கை வளையத்தின் பரிமாணத்துக்குச் சமமாக இருந்தால் அது சீரான வளையம். வடிவியலில் சொன்னால் முனையோ மடிப்போ இல்லாத புள்ளி. வொல்ஃப்காங் குருல் 1938இல் இவ்வகையை ஆராய்ந்தார். உடனே ஒரு கேள்வி எழுந்தது. ஒரு பரப்பு ஒரு புள்ளியில் சீராக இருக்கிறது என்றால், அந்தப் புள்ளி வழியே செல்லும் வளைகோட்டின் பொதுப்புள்ளியிலும் அது சீராக இருக்க வேண்டாமா? இயற்கணித மொழியில், சீரான வளையத்தைப் பகா ஐடியல் ஒன்றில் லோக்கலைஸ் செய்தால் கிடைப்பதும் சீரானதுதானா? ஆம் என்றே எல்லோருக்கும் தோன்றும். ஆனால் வரையறையை வைத்துக்கொண்டு பொது நிலையில் நிரூபிக்க வழி தெரியவில்லை. உச்ச ஐடியல் மாறியவுடன் பிறப்பிக்கும் உறுப்புகளின் கணக்கும் கைநழுவிப் போகிறது.

விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஒரு மாட்யூலை எடுத்து, அதைப் பிறப்பிக்கும் உறுப்புகளை எழுதுகிறோம். அவற்றுக்கு இடையேயான தொடர்புகளை எழுதுகிறோம். பிறகு அந்தத் தொடர்புகளுக்கு இடையேயான தொடர்புகள். இந்தச் சங்கிலி எப்போதாவது முடிகிறதா? பல்லுறுப்புக் கோவை வளையத்தில் முடியும் என்று 1890இலேயே ஹில்பர்ட் நிரூபித்திருந்தார். 1955இல் டோக்கியோவிலும் நிக்கோவிலும் நடந்த கருத்தரங்குக்கு ஜான்-பியர் செர் கொடுத்த கட்டுரையில் முழு உண்மை வெளிவந்தது: எல்லா முடிவுறு மாட்யூல்களுக்கும் இந்தச் சங்கிலி முடிந்தால், முடிந்தால் மட்டுமே, வளையம் சீரானது. மோரிஸ் அவுஸ்லாண்டரும் டேவிட் புக்ஸ்பாமும் அதே காலத்தில் இதே பாதையில் வந்தார்கள். மூவர் பெயரையும் சேர்த்தே இந்தத் தேற்றத்தை அழைக்கிறோம். சங்கிலி முடிவது என்பது லோக்கலைஸ் செய்யும்போது அப்படியே கூட வருகிற பண்பு. எனவே நெடுநாள் நின்ற கேள்வி இரண்டு வரிகளில் தீர்ந்தது. சீரான வளையத்தில் காரணிப்பாடு ஒற்றையானது என்பதையும் இதே கருவியைக் கொண்டு அவுஸ்லாண்டரும் புக்ஸ்பாமும் 1959இல் நிறுவினார்கள்.

சங்கிலி முடியாமல் ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? y² = x³ என்ற வளைகோட்டுக்கு, ஒரு கூரிய முனை இருக்கிற அந்த ஆதிப்புள்ளிக்குப் போவோம். அங்கே உள்ள சார்புகள், ந என்ற மாறியில் ந² ஐயும் ந³ ஐயும் கொண்டு எழுதப்படும் கோவைகள். ந மட்டும் வளையத்தில் இல்லை. ந², ந³ இரண்டால் பிறக்கும் ஐடியலை எடுங்கள். பரிமாணம் ஒன்று, பிறப்பிக்க இரண்டு வேண்டியிருக்கிறது. எனவே வளையம் சீரற்றது. இப்போது இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தொடர்புகளைத் தேடுவோம். ந² ஐ எதனால் பெருக்கி, ந³ ஐ எதனால் பெருக்கிக் கூட்டினால் பூச்சியம் வரும்? (ந³, −ந²) ஒரு விடை. (ந⁴, −ந³) இன்னொன்று. மற்ற எல்லா விடைகளும் இந்த இரண்டிலிருந்தே வருகின்றன. இரண்டாம் இடத்தில் நிற்கும் ந², ந³ இரண்டையும் பாருங்கள். எந்த ஐடியலில் தொடங்கினோமோ அதே ஐடியல் தன் தொடர்புகளாகத் திரும்ப வந்து நிற்கிறது. அதன் தொடர்புகளும் அதுவே. அதற்குப் பிறகும் அதுவே. வளைகோட்டின் முனை, முடிவில்லாத ஒரு சங்கிலியாகத் தன்னை எழுதிக்காட்டுகிறது. இதை முதன்முதலாகக் கரும்பலகையில் போட்டுப் பார்க்கும் மாணவரின் முகத்தைப் பார்ப்பது ஆசிரியருக்குக் கிடைக்கும் பெரிய மகிழ்ச்சி.

செர் அதே 1955இல் இன்னொரு கேள்வியையும் எழுப்பினார். பல்லுறுப்புக் கோவை வளையத்தின் மீது, முடிவுறு உறுப்புகளால் பிறக்கும் புரொஜெக்டிவ் மாட்யூல்கள் எல்லாம் தங்களுக்குள் தொடர்பற்ற அடிப்படை உறுப்புகளைக் கொண்டவைதானா என்பது அது. இரண்டு மாறிகளுக்கு ஆம் என்று 1958இல் நிரூபித்தவர் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரி. சென்னை லயோலா கல்லூரியில் படித்து, மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனவர். பின்னாளில் சென்னைக் கணிதவியல் கழகத்தை உருவாக்கியவர். எத்தனை மாறிகளுக்கும் ஆம் என்று குவில்லனும் சுஸ்லினும் 1976இல் தனித்தனியே நிரூபிக்கும் வரை இருபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மாட்யூல்களை வைத்து வளையத்தை இனங்காணும் இந்த வழி பரிமாற்று வளையங்களோடு நிற்கவில்லை. ஒரு மனிதரை அவர் யாரோடு எப்படிப் பழகுகிறார் என்பதை வைத்து அறிவதுபோல, வளையத்தை அது செயல்படும் மாட்யூல்களை வைத்து அறியலாம். எல்லா மாட்யூல்களும் இன்ஜெக்டிவ் ஆக இருக்கும் வளையங்கள் எவை என்பது முன்பே தெரியும்: வகுத்தல் வளையங்களின் மீதான அணி வளையங்களை முடிவுறு எண்ணிக்கையில் சேர்த்தவை. 1964இல் பார்பரா ஓசோஃப்ஸ்கி, எல்லா மாட்யூல்களையும் கேட்க வேண்டாம், ஒரே உறுப்பால் பிறக்கும் மாட்யூல்கள் இன்ஜெக்டிவ் ஆக இருந்தாலே வளையம் அதே வகை என்று நிரூபித்தார். கூற்றைக் கேட்டால் சிறிய முன்னேற்றம் போலத் தோன்றும். நிரூபணத்தைப் படித்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

மீதி நேரத்தை எண்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன், ஏனென்றால் வளையங்களை வகைப்படுத்தும் தேவையே அங்கேதான் பிறந்தது. 1847 மார்ச் 1 அன்று பாரிஸ் அறிவியல் கழகத்தில் காப்ரியேல் லாமே எழுந்து, ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்துவிட்டதாக அறிவித்தார். அவர் பயன்படுத்திய சிக்கலெண்களில் காரணிப்பாடு ஒற்றையானதா என்று லியூவில் அங்கேயே ஐயம் எழுப்பினார். ஐயம் சரிதான். 1இன் 23ஆம் படி மூலங்களைக் கொண்டு ஆக்கிய எண்களில் அது ஒற்றையல்ல என்று எர்ன்ஸ்ட் கும்மர் 1844இலேயே அச்சிட்டிருந்தார். அதைத் தெரிவித்து அவர் எழுதிய கடிதம் மே மாதம் கழகத்தின் முன் வைக்கப்பட்டது.

கும்மரின் வளையம் பெரியது, கையால் ஆள்வது கடினம். அ + இ√−5 என்ற எண்களிலேயே அதே விபத்தைப் பார்க்கலாம். 6 = 2 × 3. அதே 6 = (1+√−5)(1−√−5). நார்ம் அ² + 5இ². 2, 3 ஆகியவை நார்மாக வருவதில்லை என்பதால் இந்த நான்கு எண்களையும் மேலும் உடைக்க முடியாது. 1871இல் ரிச்சர்ட் டெடெகிண்ட், எண்களை விட்டு ஐடியல்களுக்கு மாறினார். 2, 1+√−5 இரண்டால் பிறக்கும் ஐடியலை ப என்போம். அதன் வர்க்கத்தில் 4 உண்டு, 2+2√−5 உண்டு, −4+2√−5 உண்டு. கடைசி இரண்டைக் கழித்தால் 6. அதிலிருந்து 4 போனால் 2. வர்க்கத்தில் உள்ள எல்லாமே இரண்டின் மடங்குகள். எனவே ப² என்பது 2 பிறப்பிக்கும் ஐடியலேதான். அதேபோல 3 என்பது ம, ய என்ற இரு பகா ஐடியல்களின் பெருக்கம். 1+√−5 என்பது ப·ம. 1−√−5 என்பது ப·ய. ஆறின் உண்மையான காரணிப்பாடு ப·ப·ம·ய ஒன்றே. இரண்டு விடைகள் போலத் தெரிந்தவை இந்த நான்கையும் இருவேறு விதமாகச் சோடி சேர்த்ததால் வந்தவை.

எந்த வளையங்களில் இப்படி ஐடியல்கள் ஒற்றையாகப் பகா ஐடியல்களாய்ப் பிரியும்? 1927இல் வெளிவந்த கட்டுரையில் கோட்டிங்கனின் எம்மி நோதர் இதற்கு விடை சொன்னார். இன்றைய வடிவில் நிபந்தனைகள் மூன்று. வளையம் நோதரியதாக இருக்க வேண்டும். பூச்சியமல்லாத பகா ஐடியல் ஒவ்வொன்றும் உச்ச ஐடியலாக இருக்க வேண்டும். வளையத்தின் பின்னங்களில் ஏதாவது ஒன்று, தலைக்கெழு 1 ஆகவும் மற்றக் கெழுக்கள் வளையத்திலும் உள்ள சமன்பாட்டைத் தீர்த்தால், அந்தப் பின்னம் ஏற்கெனவே வளையத்துக்குள் இருக்க வேண்டும். இந்த மூன்றாவதை முழு அடைவு என்று சொல்வோம்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும்? அ + இ√−3 என்ற எண்களை எடுங்கள். (−1+√−3)/2 என்ற பின்னம் ந² + ந + 1 = 0 என்பதைத் தீர்க்கிறது, ஆனால் வளையத்தில் இல்லை. இங்கே 2, 1+√−3 இரண்டால் பிறக்கும் ஐடியலை வர்க்கப்படுத்திப் பாருங்கள். அது அதே ஐடியலை 2 ஆல் பெருக்கியதற்குச் சமமாக வருகிறது. ஆனால் அந்த ஐடியலும் 2 பிறப்பிக்கும் ஐடியலும் வேறு வேறு. இருபுறமும் உள்ள பொதுக்காரணியை அடிக்க முடியாத இடத்தில் ஒற்றைக் காரணிப்பாடு எங்கே நிற்கும்? சற்று முன் பார்த்த கூரிய முனையை இப்போது நினைவுகூருங்கள். ந², ந³ பிறப்பிக்கும் ஐடியலை வர்க்கப்படுத்தினால் அதே ஐடியலை ந² ஆல் பெருக்கியது கிடைக்கும். அங்கேயும் ந என்ற பின்னம் வெளியே நிற்கிறது. எண்களில் வந்த நோயும் வளைகோட்டின் முனையில் வந்த நோயும் ஒன்றே என்பதை நோதரின் மூன்று நிபந்தனைகள் கண்முன் வைக்கின்றன. எண்களையும் வளைகோடுகளையும் தனித்தனியே நிரூபிக்கும் தேவை அதோடு போயிற்று. எனக்கு இயற்கணிதத்தின் மீது பற்று வந்ததே இந்த இடத்தில்தான்.

ஐடியல்கள் ஒற்றையாகப் பிரிந்தாலும் எண்கள் அப்படிப் பிரிந்தே தீரும் என்பதில்லை. எவ்வளவு தூரம் பிசகுகிறது என்பதை ஐடியல் வகுப்புக் குலம் அளக்கிறது. அதன் உறுப்பு எண்ணிக்கையே வகுப்பு எண். வகுப்பு எண் 1 என்றால், 1 என்றால் மட்டுமே, எண்களின் காரணிப்பாடு ஒற்றையானது. √−5 வளையத்துக்கு அது 2. டியூக் பல்கலைக்கழகத்தின் லெனர்ட் கார்லிட்ஸ் 1960இல் ஒரு மிகச் சிறிய கட்டுரை எழுதினார். இயற்கணித முழு எண் வளையம் ஒன்றில் வகுப்பு எண் 1 அல்லது 2 ஆக இருந்தால், இருந்தால் மட்டுமே, ஓர் எண்ணை எப்படி உடைத்தாலும் காரணிகளின் எண்ணிக்கை மாறாது. ஆறைப் பாருங்கள்: இரண்டு உடைப்பிலும் காரணி இரண்டு.

நிரூபணத்தை இங்கேயே சொல்லிவிட முடியும். குலத்தின் ஒவ்வொரு வகுப்பிலும் பகா ஐடியல்கள் உண்டு என்பது தெரிந்த செய்தி. வகுப்பு எண் 2 என்றால், உடைபடாத எண் ஒவ்வொன்றும் ஒற்றை உறுப்பால் பிறக்கும் பகா ஐடியலாக இருக்கும், அல்லது அப்படிப் பிறக்காத இரண்டு பகா ஐடியல்களின் பெருக்கமாக இருக்கும். ஐடியல்கள் மாறுவதில்லை என்பதால் எண்ணிக்கையும் மாறாது. மறுதிசையில் இரண்டு நிலைகள். குலத்தில் இரண்டுக்கு மேற்பட்ட வரிசை கொண்ட ஒரு வகுப்பு இருக்கட்டும்; வசதிக்காக அந்த வரிசை 3 என்றே கொள்வோம், பெரியதானாலும் வழி இதுவே. அந்த வகுப்பில் ஒரு பகா ஐடியல், அதன் எதிர் வகுப்பில் ஒன்று. முதலாவதன் முப்படி ஓர் எண், இரண்டாவதன் முப்படி ஓர் எண், இரண்டின் பெருக்கமும் ஓர் எண். எல்லாமே உடைபடாதவை. முதலிரண்டு எண்களின் பெருக்கம் மூன்றாவதன் முப்படிக்குச் சமம். ஒருபுறம் காரணி 2, மறுபுறம் 3. அப்படி ஒரு வகுப்பு இல்லை, ஆனால் வகுப்புகள் இரண்டுக்கு மேல் என்றால், வரிசை 2 கொண்ட மூன்று வகுப்புகளை, மூன்றாவது மற்ற இரண்டின் பெருக்கமாக அமையும்படி எடுக்கலாம். மூன்றிலிருந்தும் ஒவ்வொரு பகா ஐடியல். ஒவ்வொன்றின் வர்க்கமும் உடைபடாத எண், மூன்றின் பெருக்கமும் உடைபடாத எண். மூன்று வர்க்கங்களைப் பெருக்கினால் அந்தப் பெருக்கத்தின் வர்க்கம். மறுபடியும் 3க்கு 2.

குலமோ ஐடியலோ எதுவும் தெரியாத ஒருவர், காரணிகளை எண்ணத் தெரிந்தாலே வகுப்பு எண் இரண்டுக்கு மேலா இல்லையா என்று சொல்லிவிடலாம் என்பதுதான் கார்லிட்ஸ் தந்த வழி. அப்படியானால் எண்ணிக்கைகளை மட்டும் வைத்து முழுக் குலத்தையும் மீட்டெடுக்க முடியுமா? போலந்தின் வூவாடிஸ்வாவ் நார்க்கேவிச் 1970களில் இந்தத் திசையில் கேள்வியைப் பரப்பினார். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஆல்ஃபிரட் கெரோல்டிங்கரும் அவரோடு பணிபுரிபவர்களும் பல்லாண்டுகளாக இதில் உழைத்துவருகிறார்கள். மூன்று உறுப்புள்ள குலமும், ஒவ்வோர் உறுப்பின் வர்க்கமும் 1 ஆகும் நான்கு உறுப்புள்ள குலமும் காரணிகளுக்கு ஒரே எண்ணிக்கைப் பட்டியல்களைத் தருகின்றன. இவற்றைப் பிரித்தறிய முடியாது. கார்லிட்ஸின் நிரூபணத்தில் இரண்டு நிலையிலும் 2, 3 என்றே விடை வந்ததில் இதன் சாயல் ஏற்கெனவே தெரிகிறது. வகுப்பு எண் 1, 2 என்ற இணையும் அப்படியே. இந்த இரண்டு இணைகளைத் தவிர வேறு எந்த முடிவுறு குலத்தையும் அதன் எண்ணிக்கைப் பட்டியல்கள் காட்டிக்கொடுத்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. சுழற்குலங்களுக்கு நிரூபித்தாகிவிட்டது. பொதுவான நிரூபணம் இன்னும் யாரிடமும் இல்லை. இந்த அரங்கில் முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் இருந்தால், கேள்வியைப் புரிந்துகொள்ளத் தேவையானவை அனைத்தும் இன்று உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டன.